டீசல் பிக்கப்பில் டிரெய்லர் இழுக்கும்போது டிரக் ஸ்டாப்பில் லாரி லேனா, கார் பக்கமா?

நெடுவழி52:

வணக்கம். முக்கால் டன் டீசல் பிக்கப், பின்னால் 31 அடி டிராவல் டிரெய்லர். மாட்டிய பிறகு மொத்த நீளம் 52 அடி. டேங்க் 34 கேலன், டேங்க் வாய் ஓட்டுநர் பக்கம். டெக்சாஸிலிருந்து இல்லினாய் வழியாக மிச்சிகன் போய், நவம்பர் கடைசியில் திரும்புவதாகத் திட்டம்.

டிரக் ஸ்டாப்பில் லாரிகள் நிற்கும் டீசல் லேனுக்கு இந்த வண்டியைக் கொண்டுபோகலாமா? அந்தப் பெரிய நாசில் பிக்கப் வாயில் நுழையுமா? சொந்த கிரெடிட் கார்டை அந்தப் பம்பு ஏற்குமா? டெஃப்பையும் (டீசல் புகையைச் சுத்தப்படுத்தத் தனி டேங்கில் ஊற்றும் யூரியாக் கரைசல்) அங்கேயே போட்டுக்கொள்ளலாமா, கேன் வாங்கி ஊற்றுவதே மேலா? லாரி ஓட்டுநர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் வந்துபோக என்ன முறை என்பதையும் தெரிந்தவர்கள் சொன்னால் நல்லது.

---

சுமைவண்டி:

தாராளமா லாரி லேனுக்கே போங்க. பதினெட்டுச் சக்கர வண்டி 70 அடி நீளம் வரும். அதுக்காகப் போட்ட லேன்ல உங்க 52 அடி நேரா நுழைஞ்சு நேரா வெளிய வந்துடும், ரிவர்ஸ் எடுக்கவே வேண்டாம். பைலட், ஃப்ளையிங் ஜே, லவ்ஸ், டிஏ, பெட்ரோன்னு எந்தக் கம்பெனி டிரக் ஸ்டாப்பா இருந்தாலும் கார் பக்கம் தனி, லாரி பக்கம் தனி. நுழையும்போதே பலகையைப் பார்த்துப் பிரிஞ்சுடணும். தப்பா கார் பக்கம் நுழைஞ்சுட்டா டிரெய்லரோட திரும்பி வர்றது பெரிய வேலை.

நாசில் விஷயம்தான் முக்கியம். கார் பக்க டீசல் நாசில் குழாய் ஏறக்குறைய 15/16 அங்குலம். லாரி நாசில் 1 1/8 அங்குலம், சிலது அதுக்கும் மேல. சில பிக்கப் வாயில அது முழுசா போகும், சிலதுல நுனி மட்டும் போகும், சிலதுல போகவே போகாது. அதனால கார்டைப் போடுறதுக்கு முன்னாடி நாசிலை எடுத்து வாயில வச்சுப் பார்த்துடுங்க. நுழையலைன்னா அதை வாய்மேல பிடிச்சுக்கிட்டு ஊத்தலாம்னு நினைக்காதீங்க. பாதி டீசல் தரையில, மீதி உங்க செருப்புல.

நுழைஞ்சாலும் வேகம் இருக்கு. கார் பக்கம் நிமிஷத்துக்கு 10 கேலனை ஒட்டி வரும். லாரி பம்பு முழுசா திறந்தா அதைப்போல ரெண்டு மூணு மடங்கு. பிக்கப்போட வாய்க்குழாயும் காத்து வெளியேறுற குழாயும் அவ்வளவு வேகத்துக்குச் செஞ்சது இல்ல. டீசல் நுரைச்சு மேல ஏறும், நாசில் டப்புனு நிக்கும், இல்லைன்னா வாய் வழியா பீச்சி அடிக்கும். நாசிலோட கொக்கியில மூணு படி இருந்தா இருக்கிறதுலயே மெதுவான படியில வைங்க. கொக்கியை மாட்டிட்டு அந்தப் பக்கம் போகாதீங்க, கையிலேயே பிடிச்சிருங்க. முதல் தடவை நின்னதும் நுரை அடங்கக் கொஞ்சம் பொறுத்து இன்னும் ஒரு கேலன் போட்டா போதும். வாய் வரைக்கும் நிரப்பாதீங்க, வெயில்ல டீசல் விரியும்.

லேனோட ரெண்டு பக்கமும் பம்பு நிக்கும். லாரிக்கு ரெண்டு பக்கமும் டேங்க் இருக்குறதால அப்படி. ஓட்டுநர் பக்கம் இருக்கிறது மாஸ்டர், எதிர்ப்பக்கம் சாட்டிலைட். கார்டு போடுற இடம், திரை எல்லாம் மாஸ்டர்ல. உங்களுக்கு வாய் ஓட்டுநர் பக்கம்ங்கிறதால மாஸ்டர் மட்டும் போதும். வலப்பக்கம் வாய் இருக்கிறவங்க மாஸ்டரை முதல்ல இயக்கிட்டுத்தான் சாட்டிலைட்டை எடுக்கணும். ஒண்ணு மட்டும் கவனிங்க: உங்களுக்கு முன்னாடி வந்தவர் சாட்டிலைட் நாசிலைச் சரியா மாட்டாம போயிருந்தா கணக்கு முடியாம தொங்கிட்டே இருக்கும். பம்பு அசையலைன்னா முதல்ல அந்தப் பக்கம் போய்ப் பாருங்க.

திரை நிறையக் கேள்வி கேக்கும். வண்டி எண், ஓடோமீட்டர், டிரிப் எண், கம்பெனி பேர். லாரிக் கம்பெனிகளோட கணக்குக்காகக் கேக்குறது அது. ஓடோமீட்டர் அளவைப் போடுங்க, மத்ததுக்கு 1 அல்லது 0 அடிச்சாலே பெரும்பாலும் நகரும். சில பம்பு ஃப்ளீட் கார்டை (லாரிக் கம்பெனிகள் தங்க வண்டிகளுக்குக் கொடுக்கிற டீசல் கார்டு) தவிர வேற எதையும் ஏத்துக்காது. சாதாரண கிரெடிட் கார்டை ஏத்துக்கிட்டாலும் ஓர் உச்சவரம்புல நிறுத்திடும், டேங்க் பாதியில நிக்கும். அப்போ பம்பு எண்ணைப் பார்த்துக்கிட்டு உள்ளே கவுன்டர்ல கார்டைக் கொடுத்துத் திறக்கச் சொல்லணும். அடிக்கடி போறவங்களுக்கு ஓப்பன் ரோட்ஸ் மாதிரி ஆர்.வி.காரங்களுக்கான (தங்கும் வசதியுள்ள வண்டி, டிரெய்லர் வச்சிருக்கிறவங்க) டீசல் கார்டு லாபம். அது லாரி லேன்லயே வேலை செய்யும், தள்ளுபடியும் கிடைக்கும்.

---

நீலமூடி:

சுமைவண்டி சொன்ன திரையில் இன்னொரு கேள்வியும் வரும்: டிராக்டரா, ரீஃபரா, இரண்டுமா என்று. டிராக்டர் என்பதையே அழுத்துங்கள், இங்கே அது இழுக்கும் வண்டியைக் குறிக்கும். ரீஃபர் என்பது குளிர்சாதன டிரெய்லரின் இயந்திரத்துக்கான டீசல். பல இடங்களில் அது சிவப்புச் சாயம் கலந்து, சாலை வரி இல்லாமல் விற்கப்படுவது. அதைச் சாலையில் ஓடும் வண்டியில் போடுவது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். அபராதம் 1,000 டாலர், அல்லது கேலனுக்கு 10 டாலர், இதில் எது அதிகமோ அது. சாயம் டேங்கிலும் ஃபில்டரிலும் தங்கிவிடும் என்பதால் பின்னால் சோதனையில் மறைக்கவும் முடியாது.

நாசில் பிடியின் நிறத்தை நம்பாதீர்கள். பச்சை என்றால் டீசல் என்பது வழக்கம்தான், சட்டம் அல்ல. பிபி நிறுவனத்தின் பெட்ரோல் நிலையங்களில் பெட்ரோல் நாசிலே பச்சையாக இருக்கும். பம்பில் ஒட்டியிருக்கும் எழுத்தைப் படித்த பிறகே நாசிலைத் தொடுங்கள். தவறிப்போய்ப் பெட்ரோல் போட்டுவிட்டால் சாவியைத் திருப்பவே வேண்டாம். எஞ்சினின் உயர் அழுத்தப் பம்புக்கு டீசலேதான் மசகு. பெட்ரோலோடு ஓடினால் அது தேய்ந்து, உலோகத் துகள் இன்ஜெக்டர் வரை போய்விடும். டேங்கை வடிப்பது ஒரு நாள் செலவு. ஓட்டிவிட்டால் எரிபொருள் அமைப்பு முழுவதையும் மாற்ற வேண்டியிருக்கும்.

டெஃப்பைப் பம்பில் போடுவதே நல்லது. விற்பனை வேகமாக இருப்பதால் சரக்குப் புதிதாக இருக்கும், கேனைவிட மலிவும்கூட. 2.5 கேலன் கேன் அலமாரியில் எத்தனை நாள் வெயிலில் வெந்ததோ தெரியாது. வாங்கினால் தேதியையும் ஐஎஸ்ஓ 22241 என்ற தரக் குறிப்பையும் பாருங்கள். பம்புத் திரை டெஃப் வேண்டுமா என்று கேட்கும்போது ஆம் என்று சொல்ல மறந்தால் அந்த நாசில் திறக்காது. ஆம் என்று சொல்லியும் வரவில்லையென்றால் காரணம் காந்தமாக இருக்கலாம். சில டெஃப் நாசில்கள் வாய்க்குழாயில் காந்த வளையம் இருந்தால்தான் ஊற்றும். டீசல் டேங்கில் டெஃப் போய்விடக் கூடாது என்பதற்கான பூட்டு அது. பல பிக்கப்புகளில் அந்த வளையம் இல்லை. அடுத்த லேனுக்கு மாறுங்கள், இல்லையென்றால் கேன்தான்.

பிக்கப்பின் டெஃப் டேங்க் சிறியது, பம்போ லாரிக்கானது. மெதுவாகப் பிடியுங்கள், முதல் முறை நின்றதும் நிறுத்திவிடுங்கள். நவம்பரில் மிச்சிகனில் இது இன்னும் முக்கியம். டெஃப் 12 டிகிரி ஃபாரன்ஹீட்டில் உறையும், உறையும்போது 7 சதவீதம் அளவுக்கு விரியும். விரிய இடம் இல்லாவிட்டால் டேங்குக்குள் இருக்கும் பாகங்களுக்குத்தான் அடி. பெயிண்டில் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், காய்ந்தால் வெள்ளையாகப் படிகம் கட்டி உலோகத்தை அரிக்கும்.

இல்லினாயைப் பற்றி ஒரு வார்த்தை. அங்கே வரிச் சலுகை இருப்பதால் டிரக் ஸ்டாப் டீசலில் பயோடீசல் கலவை அதிகம். 5 சதவீதத்துக்கு மேல் போனால் பம்பில் அதற்கான வில்லை ஒட்டியிருக்க வேண்டும். உங்கள் எஞ்சின் பி20 (20 சதவீதப் பயோடீசல்) வரை ஏற்குமா, பி5 (5 சதவீதம்) தானா என்பது ஓனர்ஸ் மேனுவலில் இருக்கும், கிளம்பும் முன் பார்த்துவிடுங்கள். பி5 மட்டும் என்றால் அந்த மாநிலத்துக்குள் நுழையும் முன்பே டேங்கை நிரப்பிக்கொள்ளுங்கள்.

---

நெடுவழி52:

இவ்வளவு விவரத்துக்கு நன்றி. குளிர் பற்றி இன்னொரு கேள்வி: குளிரில் டீசல் திரளாமல் இருக்க விடும் ஆன்ட்டி ஜெல்லை எப்போது ஊற்ற வேண்டும்? கார் பக்கம் போக நேர்ந்தால் எப்படி நுழைவது?

---

இரட்டைஅச்சு:

ஆன்ட்டி ஜெல்லை டீசல் போடுவதற்கு முன் டேங்கில் ஊற்றிவிட்டு அதன்மேல் டீசலை அடியுங்கள், தானாகக் கலக்கும். டீசலில் மெழுகு திரள ஆரம்பித்த பிறகு ஊற்றினால் பயன் இல்லை. அதைக் கரைக்கிற மருந்து வேறு. டெக்சாஸ் டீசலை வைத்துக்கொண்டு வடக்கே போய் இரவு நிறுத்துவதுதான் ஆபத்து. வடமாநில டிரக் ஸ்டாப்புகள் குளிருக்கேற்ப எளிதில் திரளாத நம்பர் 1 டீசலோ மருந்தோ கலந்து விற்பார்கள். ஆகவே குளிர்ப் பகுதிக்குள் போனதும் அங்கேயே நிரப்பிவிடுங்கள்.

கார் பக்கம் பற்றி. பெட்ரோல் பிக்கப் வைத்திருப்பவர்களுக்கு வேறு வழியே இல்லை, லாரி லேனில் பெட்ரோல் கிடையாது. சில ஃப்ளையிங் ஜே இடங்களில் ஆர்.வி.க்கென்று தனி லேன் உண்டு. பெட்ரோல், டீசல் இரண்டும் இருக்கும். அது இல்லாத இடத்தில் முந்தின இரவே வரைபடத்தின் சாட்டிலைட் படத்தைப் பெரிதாக்கிப் பம்பு வரிசை எப்படி இருக்கிறது என்று பாருங்கள். வரிசை கடைக்கு இணையாக ஓடினால் கடைக்கோடி வரிசையைப் பிடித்து நேராக வெளியேறலாம். கடையைப் பார்த்து மூக்கை நீட்டி நிற்கிற மாதிரி இருந்தால், பிக்கப்புக்கும் கடைக்கும் நடுவில் நிற்கும் கார்களே உங்களை அடைத்துவிடும். அதைத் தவிர்த்துவிடுங்கள்.

வெளியேறும்போதுதான் சேதம் நடக்கிறது. டிரெய்லர் சக்கரம் வளைவின் உள்பக்கமாக வெட்டி வரும், மஞ்சள் தூண் நிற்பதும் அங்கேதான். டிரெய்லரின் அச்சு தூணைத் தாண்டும் வரை ஸ்டீயரிங்கைத் திருப்பாமல் நேராகப் போங்கள், பிறகு வளையுங்கள். வளையும்போது வால் எதிர்ப்பக்கமாக வீசும், பக்கத்துப் பம்பில் யாரும் நிற்கிறார்களா என்று கண்ணாடியில் பார்த்துக்கொள்ளுங்கள். ஃபிஃப்த் வீல் (பிக்கப்பின் பின்தொட்டிக்குள் மாட்டும் டிரெய்லர்) இன்னும் அதிகமாக உள்ளே வெட்டும். அதன் கூரையில் ஏசியையும் சேர்த்தால் 13 அடியைத் தொடலாம். உயரத்தை நாடாவால் அளந்து டாஷ்போர்டில் எழுதி ஒட்டுங்கள். கார் பக்கக் கூரை எல்லா இடத்திலும் அவ்வளவு உயரம் இருக்காது.

முகாமில் இறங்கியதும் டிரெய்லரைக் கழற்றிவிட்டு, மறுநாளுக்கான டேங்கை அன்று மாலையே தனி பிக்கப்பில் போய் நிரப்பினால் பாதித் தொல்லை தீரும். இழுக்கும்போது கேலனுக்கு 10 மைல் என்று வையுங்கள்: 34 கேலனுக்கு 340 மைல். கால் டேங்க் மிச்சம் வைத்தால் 255 மைல். அந்தத் தூரத்துக்குள் இரண்டு டிரக் ஸ்டாப்பாவது குறித்துக்கொள்ளுங்கள், ஒன்றில் கூட்டமாக இருந்தால் அடுத்ததுக்குப் போகலாம்.

---

சுமைவண்டி:

இடைஞ்சல் பத்திக் கேட்டதுக்குப் பதில் விட்டுப்போச்சு. லாரி ஓட்டுநருக்கு ஒரு நாளைக்கு 11 மணி நேரம்தான் ஓட்ட அனுமதி, அதுவும் வேலை ஆரம்பிச்சதிலிருந்து 14 மணி நேரத்துக்குள்ள. மின்னணுப் பதிவேடு நிமிஷக் கணக்கா ஓடிட்டிருக்கும். பம்பு முன்னாடி நீங்க நிக்கிற பத்து நிமிஷம் அவங்க சம்பளத்துல கைவைக்கும். அதனால டீசல் போட்டு முடிச்சதும் வண்டியை முன்னால தள்ளி, தரையில கோடு போட்ட இடத்துல நிறுத்துங்க. பின்னால இருக்கிறவர் பம்புக்கு வந்துடுவார். ரசீது, கழிப்பறை, காப்பி எல்லாம் அதுக்கப்புறம். அந்த இடமும் சில நிமிஷத்துக்குத்தான், சாப்பாட்டுக்குப் போறதுன்னா பார்க்கிங்குக்கு நகர்த்திடுங்க. முடிஞ்சவரைக்கும் காலையில பத்து மணிக்கு மேல வாங்க. சாயங்காலம் லாரி வரிசை நீளும். இருட்டினப்புறம் லாரி பார்க்கிங் கட்டத்துல டிரெய்லரை நிறுத்தவே வேண்டாம், அவங்களுக்குத் தூங்க வேற இடம் கிடையாது.

டிரெய்லர் ஃபிரிட்ஜ், வாட்டர் ஹீட்டர் ரெண்டும் புரொப்பேன்ல ஓடுதான்னு பாருங்க. அதெல்லாம் தானா பொறி கொளுத்துற வகை, பெட்ரோல் ஆவி இருக்கிற இடத்துல அது வெடிமருந்து. எக்சிட்ல இறங்குறதுக்கு முன்னாடியே ஒதுக்கமா நிறுத்தி சிலிண்டர் வால்வை மூடிடுங்க. ஜெனரேட்டரும் அப்படித்தான். ஃபிரிட்ஜ் மூடியே இருந்தா ஒரு மணி நேரத்துல எதுவும் கெடாது.

ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னாடி ஒரு பெட்டி ரப்பர் கையுறை வைங்க. லாரி நாசில் எப்பவும் டீசல்ல நனைஞ்சிருக்கும், தரையும் வழுக்கும். கையுறையைக் கழட்டிட்டு, கிளம்புறதுக்கு முன்னாடி டிரெய்லரைச் சுத்தி வந்து ஒவ்வொரு சக்கர ஹப்பையும் தொட்டுப் பாருங்க. மத்ததைவிட ஒண்ணு மட்டும் சுட்டா பேரிங் அல்லது பிரேக் பிடிச்சிருக்குன்னு அர்த்தம், அதைப் பார்க்காம இன்டர்ஸ்டேட் ஏறாதீங்க.