நர்சிங் கல்லூரியை எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து எழுதுகிறேன். என் அக்கா மகள் பி.எஸ்சி. நர்சிங்தான் படிப்பேன் என்று பிடிவாதமாக இருக்கிறாள். ஜிப்மருக்கு நீட் மதிப்பெண் போதவில்லை. எனவே கடலூருக்கும் புதுச்சேரிக்குமாக அலைகிறோம்.

போன வாரம் பார்த்த கல்லூரியின் வாசலில் ‘100 சதவீதத் தேர்ச்சி’ என்று பேனர் தொங்கியது. உள்ளே செய்முறைக் கூடத்தில், பயிற்சிப் பொம்மை பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் படுத்திருந்தது. எந்தத் தேர்வில் 100 என்று கேட்டேன். பதிலுக்குக் கட்டணச் சீட்டை நீட்டினார்கள்.

அமெரிக்காவில் என்கிளெக்ஸ் தேர்வில் தேறினால்தான் நர்ஸ் உரிமம். முதல் முறையிலேயே எத்தனை பேர் தேறினார்கள் என்பதை அங்குள்ள மாநில வாரியங்கள் கல்லூரிவாரியாக வெளியிடுகின்றன. பல மாநிலங்களில் அது 80 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் கல்லூரிக்குச் சிக்கல். (சுமாராகப் படிப்பவர்களை முன்பே கழித்துவிட்டால் அந்தக் கணக்கும் அழகாகிவிடும் என்பது வேறு கதை.) இங்கே பல்கலைக்கழகத் தேர்வில் தேறி நர்சிங் கவுன்சிலில் பதிந்தால் போதும், கல்லூரிகளை ஒப்பிட அப்படியொரு அளவுகோல் கையில் இல்லை.

இந்தப் பக்கம் படித்தவர்கள், பிள்ளைகளைப் படிக்கவைப்பவர்கள் சொல்லுங்கள்: வாரத்தில் எத்தனை நாள் வார்டில் நிற்கவைக்கிறார்கள்? இணைப்பு மருத்துவமனையில் கட்டில்கள் மட்டுமா, நோயாளிகளும் உண்டா? சேர்ந்தவர்களில் எத்தனை பேர் நான்கே ஆண்டில் முடித்தார்கள்? ஞாயிற்றுக்கிழமைக்குள் முன்பணம் கேட்கிறார்கள்.