ரீலில் போட்டால் கிரைண்டர் திணறுது, பிளக் பின் கருகுது: ஒயரா, பிளக்கா?

கேள்வி:
2000 வாட் ஆங்கிள் கிரைண்டர். சுவர் பிளக்கில் நேரடியாகப் போட்டால் நன்றாக ஓடுகிறது. 30 மீட்டர் எக்ஸ்டென்ஷன் ரீலில் போட்டால் இரும்பில் வைத்ததும் திணறுகிறது. ஒயர் 0.75 ஸ்கொயர் எம்.எம், 3 கோர். 10 மீட்டர் இழுத்துவிட்டு மிச்சம் சுற்றியபடியே இருக்கும். லோடில் சுவரில் 226 வோல்ட், ரீல் பாக்ஸில் 204. பிளக்கில் ஒரு பின் பழுப்பாகிவிட்டது. பிளக்கை மட்டும் மாற்றினால் போதுமா?

பதில்:
போதாது, ஒயரும் சின்னது. போக வர 60 மீட்டர் 0.75 செம்பு என்றால் சுமார் 1.4 ஓம். 2000 வாட்டுக்கு 8.7 ஆம்ப் ஓடினால் 12 வோல்ட் இறங்கணும். உங்களுக்கு 22 இறங்குது. மிச்சம் 10 வோல்ட் லூஸ் கனெக்ஷனில் போகணும், இல்லேன்னா ஒயர் சுத்தச் செம்பா இருக்காது. பிளக்கைச் சுவரிலிருந்து உருவிட்டு, ஒரு இழையைப் பிளேடால் சுரண்டுங்க. உள்ளே வெள்ளையா இருந்தா செம்பு பூசிய அலுமினியம். அதைத் தூக்கிப் போட்டுடுங்க.

கேள்வி:
உள்ளேயும் சிவப்புதான் அண்ணே. பிளக்கைத் திறந்தால் ஒயர் நுனியில் ஈயம் வைத்து ஸ்குரூ முடுக்கியிருக்கு. பழுப்பான பின்னில் ஸ்குரூ லூஸ்.

பதில்:
அதுதான் காரணம். ஸ்குரூ அழுத்தத்தில் ஈயம் நாளாவட்டத்தில் நசுங்கி விலகும், பிடி தளரும், சூடேறும், சூட்டில் இன்னும் தளரும். 10 வோல்ட்டும் அங்கேயே விழுந்தால் அந்தப் பின்னில் மட்டும் 87 வாட் சூடு. கறுத்த செம்பை வெட்டி, பளிச்சென்று வரும் இடத்தில் ஃபெரூல் (இழைகளைச் சேர்த்துப் பிடிக்கும் சின்ன உலோகக் குழாய்) போட்டு நசுக்கி முடுக்குங்க. எர்த் ஒயரை மற்ற இரண்டையும்விட ஒரு விரல் நீளமா விடுங்க. இழுபட்டால் அது கடைசியா கழலணும். பிளக்கில் ஒயரைப் பிடிக்கிற கிளாம்ப் வெளி உறையைப் பிடிக்கணும், உள் ஒயர்களை இல்லை. பிளக் 16 ஆம்ப்தானா பாருங்க. சுவர் சாக்கெட்டும் கருகியிருந்தால் அதையும் மாற்றணும். ஸ்பிரிங் தளர்ந்த சாக்கெட் புதுப் பிளக்கையும் எரிச்சிடும்.

கேள்வி:
2.5 ஸ்கொயர் வாங்கினால் சுற்றியபடியே ஓட்டலாமா?

இன்னொரு பதில்:
வேண்டாம் சார். இப்போ சுற்றியிருக்கிற 20 மீட்டரிலேயே 70 வாட் சூடு, ரீலுக்குள் ஒரு குண்டு பல்பை எரியவிட்ட மாதிரி. நடுச் சுற்றுகள்தான் முதலில் உருகும், வெளியே தெரியாது. 2.5 போட்டால் அது 21 வாட்டாகக் குறையும், ஆனாலும் போக வழி இல்லாத சூடுதான். முழுசா இழுத்துப் போட்டு ஓட்டுங்க. 30 மீட்டருக்கு 1.5 குறைந்தபட்சம், 2.5 நல்லது. கம்பிரஸர் ஓட்டுவதா இருந்தால் 2.5க்குக் கீழே போகாதீங்க. கிளம்பும்போது பல மடங்கு கரண்ட் இழுக்கும், வோல்டேஜ் இறங்கினால் மோட்டார் கிளம்பாமல் முனகி, அதன் கம்பிச் சுருள் (காயில்) எரியும்.

உறை கிழிந்த இடத்தில் டேப் சுற்றாதீங்க, ஈரம் இறங்கும். அங்கேயே வெட்டி, நீளம் குறைந்த லீடாக்கிடுங்க. பிளக் எர்த் பின்னிலிருந்து பாக்ஸ் எர்த் வரை மல்டிமீட்டரில் பார்த்தால், 30 மீட்டர் 1.5க்கு 0.35 ஓம் அளவில் இருக்கணும். ஒயரை ஆட்டும்போது அளவு தாவினால் உள்ளே அறுந்திருக்கு. வெளியில் ஓட்டுவதென்றால் 30 மில்லி ஆம்ப் ஆர்.சி.டி (கரண்ட் கசிந்தால் உடனே சப்ளையை வெட்டும் சுவிட்ச்) வழியாகத்தான் எடுக்கணும்.