மழைக்குள்ள அறையில உடுப்புக் காய வைக்கிற டிஹியூமிடிஃபையர்: கண்டதை எழுதுங்கோ

நல்லூர் வாசகி

கார்த்திகை மழை பிடிச்சால் எல்லா வீட்டிலயும் உடுப்புக் காயாத கரைச்சல்தான், அதால முன்னுரை தேவையில்லை. டிஹியூமிடிஃபையர் எண்டால் அறைக்காத்தில இருக்கிற ஈரத்தை இழுத்துத் தாங்கியில தண்ணியாகச் சேர்க்கிற மெசின். ஓட்டு வீடு ஒன்றில கண்டது இன்னும் மனதை அரிக்குது. நாளுக்கு 20 லீற்றர் எடுக்கிறதெண்டு போட்ட மெசின், புத்தம் புதுசு, விடிய விடிய ஓடியிருக்கு. காலமை தாங்கியில கழுத்துமட்டும் தண்ணி. பிள்ளையின்ர வெள்ளைச் சட்டைக் கொலரைத் தொட்டால் இன்னும் ஈரம். நிமிர்ந்து பார்த்தால் சீலிங் இல்லை. ஓட்டுக்கும் சுவருக்கும் இடையில சுத்திவர நாலு விரல் இடைவெளி. இரவு முழுக்க மெசின் உலர்த்தினது உடுப்பை இல்லை, கூரையால இறங்கின மழைக்காத்தை.

தாங்கி நிறைஞ்சதை வச்சு உடுப்பு காய்ஞ்சிட்டுதெண்டு சொல்லேலாது. கணக்கைப் பாருங்கோ. 10க்கு 12 அடி அறை, 10 அடி உயரம், ஏறக்குறைய 34 கன மீற்றர். 27 பாகையில ஈரப்பதன் 90 வீதம் எண்டால் அந்த அறைக்காத்து முழுக்கப் பிழிஞ்சாலும் 800 மில்லிலீற்றர் தண்ணிதான் இருக்கு. வோஷிங் மெசினில சுத்தி எடுத்த 5 கிலோ உடுப்புக்குள்ள இரண்டரை, மூன்று லீற்றர் இருக்கு. அப்ப அதே காத்து உடுப்புக்கும் மெசினுக்கும் இடையில திரும்பத் திரும்பச் சுத்த வேணும். கூரையால புதுக்காத்து வந்துகொண்டே இருந்தால் அது நடவாது. சீலிங் அடிச்ச, மேல் துவாரங்களைக் காட்போட்டால மறைச்ச ஒரு சின்ன அறை காணும். ஹோலில வச்சுப் பிரயோசனம் இல்லை.


கொக்குவில் சாந்தி

நல்லூர் அக்கா, நீங்கள் சொல்லுறபடி எல்லாத்தையும் அடைச்சால் அறை அவிஞ்சுபோகும். ஒரு வீட்டில அப்பிடிப் பூட்டி வச்சிருந்த அறைக்குள்ள போனன், முகத்தில அடிச்ச வெக்கை இப்பவும் நினைவிருக்கு. யன்னல் ஒண்டை ஒரு சாண் திறந்து, ஃபானையும் போட்டால் ஈரம் வெளியில போகுமே. எங்கட ஆக்கள் காலங்காலமாகக் காத்தோட்டத்திலதானே காயப்போட்டவை.


சுன்னாகம் வயர்மன்

சாந்தி அக்கா, அந்த வெக்கை பிழையில்லை. மெசினுக்குள்ள குளிர்வாயுவை அமுக்கிற கொம்பிரசர் எடுக்கிற கரண்ட் முழுக்கச் சூடாக அறைக்குள்ளயே விழும், அந்தச் சூடுதான் துணியில இருந்து தண்ணியைக் கிளப்புது. மழை பெய்யேக்க வெளியில 25 பாகை, 95 வீதம் எண்டு வையுங்கோ: ஒரு கன மீற்றர் காத்தில கிட்டத்தட்ட 22 கிராம் தண்ணி. மெசின் ஓடுற அறைக்குள்ள 29 பாகை, 60 வீதம்: 17 கிராம் சொச்சம். யன்னலைத் திறந்தால் 22 உள்ள வருது, 17 வெளியில போகுது. நீங்கள் சொல்லுற முறை தைப்பொங்கல் கழிஞ்சு வெயில் ஏறின பிறகு சரி. அப்ப மெசினே தேவையில்லை. ஆக்கள் படுக்கிற அறையில மட்டும் இதைச் செய்யாதேங்கோ, வெக்கையில நித்திரை வராது.

நான் எழுத வந்தது வேற. கனடாவில இருந்து பெட்டியோட வந்த ஒரு மெசின். 230 வோல்ற்றை 115 ஆக்கிற ட்ரான்ஸ்ஃபோமர் ஒண்டு வாங்கிக் கொழுவியிருந்தினம். சுவிட்சைப் போட்டவுடன ஒரு உறுமல், பிறகு 'டிக்' எண்டு நிண்டுது. கொஞ்ச நேரம் கழிச்சுத் திரும்பவும் உறுமல், திரும்பவும் 'டிக்'. ட்ரான்ஸ்ஃபோமரில கை வைக்கேலாத சூடு. வீட்டுக்காரர் வோல்ற்றேஜைத்தான் பார்த்தவை. அங்க கரண்ட் செக்கனுக்கு 60 சுற்று, அதாவது 60 ஹேர்ட்ஸ், இங்க 50. ட்ரான்ஸ்ஃபோமர் வோல்ற்றை மட்டும்தான் மாத்தும், ஹேர்ட்ஸை மாத்தாது. 60க்குச் சுத்தின மோட்டருக்கு 50இல அதே 115ஐக் குடுத்தால் வேகம் ஆறில் ஐந்தாகக் குறையும், மோட்டரின்ர கம்பிச் சுருள் கூடுதலான கரண்டை இழுத்துச் சூடாகும். கொம்பிரசர் ஒரு மழைக்காலம் தாங்காது.

லண்டனில இருந்து வாறது பிரச்சினையில்லை: 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ், பிளக்கும் எங்கட 13 அம்பியர் சதுரப் பிளக்தான். அவுஸ்திரேலியாவில இருந்து வாறதுக்குப் பிளக்கை மட்டும் மாத்தினால் சரி. பின்பக்கத் தகட்டில '220–240 வோல்ற், 50 ஹேர்ட்ஸ்' இருக்கா எண்டு வாசிக்காமல் ஒருத்தரையும் சுமந்துகொண்டு வரச்சொல்லாதேங்கோ. வந்த பெட்டி வழியில சரிஞ்சு கிடந்திருந்தால் நிமிர்த்தி வச்சு 24 மணித்தியாலம் விட்டுத்தான் சுவிட்ச் போட வேணும். கொம்பிரசர் எண்ணெய் குழாய்க்குள்ள ஓடியிருக்கும், அது இறங்கி வர வேணும்.

கேளாத ஒண்டையும் சொல்லுறன். ஈரத்துணியை மெசினுக்கு மேல தொங்கப்போட்டிருக்கிறதைக் கன வீடுகளில கண்டிட்டன். சொட்டுற தண்ணி மேல்வாயால நேரா உள்ளுக்குப் போகும். வீட்டில 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் (கரண்ட் ஒழுகினால் தானே அறுக்கிறது) இருக்க வேணும், அதின்ர சோதனைப் பொத்தானை மாதம் ஒருக்கா அமத்திப் பார்க்க வேணும். மெசின் பூட்டின அதே மல்ரி பிளக்கில அயன் பொக்ஸைக் கொழுவக்கூடாது. கரண்ட் போனால் திருகுற குமிழ் உள்ள மெசினைக் கையால நிப்பாட்டி விடுங்கோ. கரண்ட் வந்து மூன்று நிமிசம் கழிச்சுப் போடுங்கோ. உள்ள அமுக்கம் சமப்படாமல் திரும்பக் கிளம்பினால் கொம்பிரசர் திணறும். பின்னேரம் வோல்ற்றேஜ் இறங்குற ஊர்களில இதே திணறல் கரண்ட் போகாமலும் வரும். மற்றது, ஆர் 290 எண்டு போட்ட மெசின்களில இருக்கிறது புரொப்பேன், எரியிற வாயு. எவ்வளவு பெரிய அறை வேணுமெண்டு தகட்டில இருக்கும், அதைவிடச் சின்ன ஸ்டோர் அறைக்குள்ள வையாதேங்கோ.


ரொறன்ரோவில் இருந்து ஒரு கோண்டாவில்காரர்

இங்கே நிலக்கீழ் அறைகளில் கோடையில் ஓடுகிற சாமான் இது. வயர்மன் தம்பி சொன்னது சரி, இங்கத்தைய மெசினை அங்கே அனுப்பாதீர்கள். இன்னொன்று, இங்கே பெட்டியில் போடுகிற அளவு, ஒரு நாளில் எடுக்கிற தண்ணி, 'பைன்ட்' கணக்கு (ஒரு பைன்ட் அரை லீற்றருக்குச் சற்றுக் குறைவு). 2019 இல் சோதனை வெப்பநிலையை 18 பாகைக்கு இறக்கிவிட்டார்கள், அதால் பழைய 70 பைன்ட் மெசின்தான் இப்போது 50 பைன்ட் என்று வருகிறது. உங்கள் பக்கம் வருகிறவற்றில் '20 லீற்றர்' என்பது பெரும்பாலும் 30 பாகை, 80 வீதத்தில் எடுத்த அளவு. அறை உலர்ந்து 60 வீதத்துக்கு வரும்போது அதில் பாதிதான் கிடைக்கும்.

கொம்பிரசர் இல்லாத, ஈரத்தை உறிஞ்சுகிற சியோலைற் என்ற கனிமம் பூசிய சில்லு சுற்றுகிற வகையை யோசித்துப் பாருங்கள். சத்தம் குறைவு, பாரம் குறைவு.


சுன்னாகம் வயர்மன்

அண்ணை, சியோலைற் வகை குளிருக்குத்தான் நல்லது. 15 பாகைக்குக் கீழ கொம்பிரசர் மெசினில காத்தைக் குளிராக்கிற குழாய்ச் சுருளில ஐஸ் கட்டும், அந்த இடத்தில அது வெல்லும். யாழ்ப்பாணத்தில மார்கழி இரவிலயும் 20க்குக் கீழ போறது அருமை. அந்தச் சில்லை உலர்த்த உள்ளுக்கு ஒரு ஹீற்றர் எரியுது. அதே தண்ணியை எடுக்க கொம்பிரசர் மெசினை விட இரண்டு மடங்கு கரண்ட் போகும், அறை இன்னும் கொதிக்கும்.

கணக்கு இதுதான்: 250 வாற் மெசின் 6 மணித்தியாலம், ஒன்றரை யூனிட். 50 வாற் ஃபான் அதே நேரம், 0.3. ஒரு முறைக்கு 1.8 யூனிட். மாதம் 15 முறை ஓட்டினால் 27 யூனிட். பில்லில 60, 90, 120 எண்டு படி தாண்டினால் யூனிட் விலையும் நிலைக்கட்டணமும் சேர்ந்து ஏறும். உங்கட வீடு எந்தப் படியின்ர விளிம்பில நிக்குதெண்டு முதல் பாருங்கோ.


மானிப்பாய் லோண்டரி

எல்லாரும் மெசினைப் பற்றியே கதைக்கிறீங்கள். எனக்கு மனதில நிக்கிறது கொடியில நாலாய் மடிச்சுப் போட்டிருந்த ஒரு கைத்தறிச் சேலை. வெளிமடிப்பு மொறுமொறு எண்டு காய்ஞ்சிருந்தது. விரிச்சவுடன உள்ளுக்கிருந்து புளிச்ச மணம். ஆறு மணித்தியாலம் ஓடின மெசினில குறையில்லை, காத்துத்தான் உள்மடிப்புக்குப் போகேல்லை.

அந்த மணம் மொரக்செல்லா எண்ட பக்ரீரியாவின்ர வேலை. துணி கனநேரம் ஈரமாகக் கிடந்தால் அது பெருகும், தோய்ச்சாலும் முழுக்கப் போகாது. அதால 'எப்பவாவது காயும்' எண்டது சரிவராது, ஐந்தாறு மணித்தியாலத்துக்குள்ள காய வேணும்.

முதல் வேலை சுத்துறது. கையால முறுக்கின துணியில அதின்ர எடைக்குச் சமமான தண்ணி நிக்கும், துவாயில அதுக்கும் மேல. வோஷிங் மெசினில நிமிசத்துக்கு 800 சுத்தில எடுத்தால் எடையில 65–70 வீதம், 1200இல 50 சொச்சம். இன்னொருக்கா வெறும் ஸ்பின் போட ஆறேழு நிமிசமும் 0.05 யூனிட்டும் போகாது. அதே தண்ணியை டிஹியூமிடிஃபையரால எடுக்கிறது அதைவிடப் பல மடங்கு செலவு. எங்கட கிணத்துத் தண்ணி சுண்ணாம்புக்கல்லில ஊறி வாற தண்ணி, சவுக்காரம் நல்லாக் கழராது, அந்தப் படிவில மணம் பிடிக்கும். பவுடரைக் கூட்டாமல் அலசுறதை ஒருக்காக் கூட்டுங்கோ.

பிறகு தொங்கப்போடுறது. ஒண்டுக்கும் மற்றதுக்கும் இடையில நாலு விரல். சேலையை, வேட்டியை ஒரு கொடியில மடிச்சுப் போடாமல், ஒரு அடி இடைவிட்ட இரண்டு கொடிக்கு மேலால கூடாரம் மாதிரிப் போடுங்கோ, உள்ளால காத்துப் போகும். சாரத்தை விளிம்பில கிளிப் போட்டு வாயை அகட்டி விடுங்கோ. ஜீன்ஸை உள்பக்கம் வெளியில, பொக்கற்றை இழுத்து விட்டு, இடுப்பு மேல. சட்டை கம்பிக் ஹாங்கரில வேண்டாம், தடிச்ச பிளாஸ்ரிக் ஹாங்கரில தோள் விரிஞ்சு நிக்க. நீளமானதுகளை இரண்டு கரையிலும், கட்டையானதுகளை நடுவிலும் போட்டால் கீழால காத்து ஏறும்.

ஃபான் கட்டாயம். மெசினில இருந்து வாற காத்து மெல்லிசு, துணியோட ஒட்டி நிக்கிற ஈரப்படலத்தை அது கலைக்காது. நிக்கிற ஃபானை உடுப்பு வரிசைக்குக் குறுக்கால, எல்லாம் லேசா ஆடுற அளவுக்கு வையுங்கோ. மெசின் உடுப்பில இருந்து ஒரு மீற்றர் தள்ளி, சுவரில இருந்து ஒரு அடி விட்டு. குமிழை 'தொடர்' எண்டதில வையுங்கோ: ஈரப்பதன் 50 வீதத்தில வச்சால், மெசினுக்குப் பக்கத்துக் காத்து உலர்ந்தவுடன அது நிண்டிடும், மூலையில கிடக்கிற துவாய் அப்பிடியே இருக்கும். தனியாக ஒரு ஈரப்பதன்மானி வாங்கி உடுப்பு வரிசையின்ர அடுத்த முனையில தொங்கவிடுங்கோ. அது 50க்கு வந்து அங்கயே நிண்டால், கொலர், கக்கத் தையல், இடுப்புப் பட்டி மூண்டையும் தொட்டுப் பார்த்து எடுக்கலாம்.

மிருதங்கம், வீணை இருக்கிற அறையை இதுக்குத் தெரிவு செய்யாதேங்கோ. தோலும் மரமும் தாங்காது.


கோப்பாய் 77

ஏசியில 'ட்ரை' போட்டால் போதாதா? ஏசி இருக்கிற வீட்டுக்கு இன்னொரு மெசின் எதுக்கு? மற்றது, தாங்கித் தண்ணி வடிச்ச தண்ணி மாதிரித்தானே, இன்வேர்ட்டர் பற்றறிக்கு விடுகினம்.


சுன்னாகம் வயர்மன்

பற்றறிக்கு விடாதேங்கோ! அந்தத் தண்ணி அலுமினியத் தகட்டாலயும் செப்புக் குழாயாலயும் வழிஞ்சு, தூசும் நாரும் சேர்ந்து வருது. உலோகம் கலந்த தண்ணி பற்றறித் தகட்டைக் கெடுக்கும். கடையில விக்கிற காய்ச்சி வடிச்ச தண்ணியை மட்டும் விடுங்கோ. தாங்கித் தண்ணியைக் குடிக்கவும் கூடாது. நிலம் துடைக்க, கக்கூசுக்கு ஊத்த நல்லது.

ஏசி எடுக்கிற சூட்டை வெளியில கொட்டுது. அறை 23, 24க்கு இறங்க, துணியில இருந்து தண்ணி கிளம்புறது மெதுவாகும். சொன்ன குளிர் வந்தவுடன கொம்பிரசரும் தணியும். காயும், ஆனால் நேரமெடுக்கும். ஏசி ஏற்கெனவே ஓடுற அறையெண்டால் ஃபானோட சேர்த்துப் பாவிக்கலாம். இதுக்காகவே ஏசி போடாதேங்கோ.


பருத்தித்துறை ஃப்ரிஜ் திருத்துனர்

ஒரு மெசினின்ர முன்மூடியைக் கழட்டினபோது சுருள் முழுக்க வெள்ளை ஐஸ். வீட்டில சொன்னவை, 'காஸ் முடிஞ்சுது, அடிச்சு விடுங்கோ' எண்டு. ஃபில்டரை இழுத்தேன், புதுத் துவாய் நார் கம்பளம் மாதிரி அப்பிக் கிடந்தது. தட்டிக் கழுவி, நிழலில உலர்த்திப் போட, காஸ் அடிக்காமலே ஓடினது.

எங்கட வெக்கையில ஐஸ் கட்டவே கூடாது. சுருள் முழுக்கக் கட்டினால் காத்து வரவில்லை: ஃபில்டர் அடைப்பு, இல்லாட்டில் உள் ஃபான் சுத்தேல்லை. சுருளின்ர ஒரு பகுதியில மட்டும் கட்டி மற்றது வெறுமையாக இருந்தால்தான் காஸ் ஒழுக்கு. உடுப்புக் காய வைக்கிறவை கிழமைக்கு ஒருக்கா ஃபில்டரைக் கழுவ வேணும். கடற்கரைப் பக்கம் உப்புக்காத்தில அலுமினியத் தகடு வெள்ளைப் பொடியாகக் கரையும், மழைக்காலம் முடிய மெல்லிய தூரிகையால தட்டி, ஈரம் போக வெறும் ஃபானில ஓட்டிப்போட்டு மூடி வையுங்கோ.

'தாங்கி நிறைஞ்சுது' எண்டு லைற் எரிஞ்சு, தாங்கி காலியாக இருந்தால் மிதவையைப் பாருங்கோ. கழுவேக்க அது கழண்டு அல்லது தலைகீழாக மாட்டியிருக்கும், அதுக்குள்ள உள்ள காந்தம் சுவிட்சைத் தொடாது. வழவழப்புப் பாசி பிடிச்சாலும் ஒட்டி நிக்கும், அப்பிடி நிண்டால் தண்ணி நிலத்தில வழியும். இரவு முழுக்க ஓட்டுறவை பின்னால குழாய் பூட்டலாம். மெசினை ஒரு ஸ்ரூலில ஏத்தி, குழாய் எந்த இடத்திலயும் மேல ஏறாமல் சரிவாக இறங்க வேணும், நுனி வாளித் தண்ணிக்குள்ள முங்கக்கூடாது. முங்கினால் உள்ள காத்து அடைபட்டு, தண்ணி திரும்பவும் தாங்கிக்கே போகும்.