புதுப்பிப்பு: கட்டிங் மேசையில் வீணாகும் துணி

போன மாதம் இங்கே புலம்பியிருந்தேன்: திருப்பூரில் எங்கள் சிறிய பனியன் யூனிட்டில் கட்டிங் வேஸ்ட் மூட்டை மூட்டையாகப் போகிறது, மார்க்கர் (வெட்ட வேண்டிய வடிவங்களைத் துணி அகலத்துக்குள் நெருக்கி அடுக்கிய வரைபடம்) போடும் மென்பொருள் வாங்கலாமா என்று. வாங்கவில்லை. "முதலில் நின்று பாருங்கள்" என்று ஒருவர் எழுதியிருந்தார். டொயோட்டா கார் கம்பெனியின் உற்பத்தி முறையை உருவாக்கிய தாயிச்சி ஓனோ தரையில் சாக்பீஸ் வட்டம் வரைந்து, நடக்கும் வேலையைக் கவனிக்கச் சொல்லி ஆட்களை அதற்குள் நிற்கவைப்பாராம். நானும் இரண்டு நாள் மேசையருகே நின்றேன். கால் வலித்தது, காரணமும் கிடைத்தது.

ஒரே லாட்டில் வந்த ரோல்களின் அகலமே ஒன்றாக இல்லை. எல்லாவற்றையும் கலந்து விரித்து, இருப்பதிலேயே குறுகிய ரோலுக்கு ஏற்ப மார்க்கர் போட்டுக்கொண்டிருந்தோம். அகலமான ரோல்களின் ஓரத்தில் இரண்டு விரற்கடைத் துணி அப்படியே கீழே விழுந்தது. இப்போது ரோல் வந்ததும் அளந்து, சீட்டில் எழுதி, அகலவாரியாக அடுக்குகிறோம். "இதை நான் எப்போதோ சொன்னேன் தம்பி, அடுக்க இடமில்லை என்றீர்கள்" என்றார் கட்டிங் மாஸ்டர். உண்மைதான்.

ரோலைப் பிரித்து ஒரு நாள் தளரவிட்ட பிறகே வெட்டுகிறோம். பின்னல் துணியை இழுபட்ட நிலையில் வெட்டினால் பிறகு சுருங்கி அளவு குறைந்துவிடும். அளவுக் குறையால் ஒதுக்கப்படும் உருப்படிகள் கண்கூடாகக் குறைந்திருக்கின்றன.

தையல் வரிசையில் காத்திருப்புதான் தீரவில்லை. கழுத்துப்பட்டி வந்துசேராமல் ஓவர்லாக் (ஓரம் பிரியாமல் தைக்கும் மெஷின்) ஆட்கள் மதியம் வரை சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குச் சீக்கிரம் கைமாறட்டும் என்று, கட்டுக்கு 50 உருப்படி என்பதை 20 ஆக்கிப் பார்க்கிறோம். நேற்றுதான் தொடங்கினோம்.