வீட்டில் ஓபரா பார்ப்பது கணக்கில் சேருமா?

கீழ்வீட்டு ரசிகை:

பக்கத்து இழையில் ஒருவர், "அரங்கத்தில் கேட்டால்தான் ஓபரா, டிவியில் பார்ப்பதெல்லாம் விருந்தை போட்டோவில் பார்க்கிற மாதிரி" என்று எழுதியிருந்தார். அங்கேயே பதில் சொன்னால் அந்த இழை திசைமாறிவிடும் என்று தனியாக ஆரம்பிக்கிறேன். நான் இருப்பது மதுரையில். இங்கே ஓபரா அரங்கம் கிடையாது, பக்கத்து ஊர்களிலும் கிடையாது, அதனால் நான் ரசிகையே இல்லையா?

நான் முதலில் பார்த்தது இத்தாலிய இசையமைப்பாளர் புச்சீனியின் ஜான்னி ஸ்கிக்கி. ஒரே அங்கம், ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். கதை சொத்துத் தகராறுதான், இடம் மட்டும் ஃப்ளாரன்ஸ், வருடம் 1299. பணக்காரக் கிழவர் செத்துக் கிடக்கிறார், சொந்தக்காரர்கள் சுற்றி நின்று அழுகிறார்கள், அழுதுகொண்டே உயிலைத் தேடுகிறார்கள். கிடைத்த உயிலில் எல்லாமே மடத்துத் துறவிகளுக்கு. அப்புறம் ஸ்கிக்கி என்கிற கில்லாடி வந்து கிழவரின் கட்டிலில் தானே படுத்துக்கொண்டு, குரலை மாற்றி, நோட்டரியை வைத்துப் புது உயில் சொல்கிறான். வீடு, மில், கோவேறு கழுதை என்று உசத்தியான எல்லாவற்றையும் "என் நண்பன் ஸ்கிக்கிக்கு" என்று எழுதவைக்கிறான். சொந்தக்காரர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறார்கள், ஏனென்றால் வாயைத் திறந்தால் கள்ள உயிலுக்குத் தண்டனையாக அவர்கள் கையும் போகும், ஊரை விட்டும் துரத்துவார்கள். நான் சப்டைட்டிலைத் தமிழில் சொல்லச் சொல்ல அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். இது போட்டோ விருந்தா?

துண்டுப்பாட்டு:

ஒரு மணி நேரம் எதற்கு? அதில் இருக்கும் "ஓ மியோ பாப்பீனோ காரோ" ஒன்றே போதும், இரண்டரை நிமிடம். மீதி நேரமெல்லாம் பேசவேண்டியதைப் பாடிக்கொண்டிருப்பார்கள். பேருந்தில் போகும்போது நான் ஆரியாத் தொகுப்புதான், அதாவது ஓபராக்களின் தனிப்பாட்டுகளை மட்டும் கேட்கிறேன், கதை எனக்குத் தேவைப்படவே இல்லை. கண்ணை மூடினால் என்ன ஒரு சோகம்!

மூன்றாம் மணி:

சோகமா? துண்டுப்பாட்டு அவர்களே, அதைப் பாடும் ஸ்கிக்கியின் மகள் லவுரெத்தா அங்கே செய்வது அப்பாவைக் காக்காய் பிடிப்பது. "அவனைக் கல்யாணம் செய்துவைக்காவிட்டால் ஆர்னோ ஆற்றில் குதிப்பேன்" என்கிறாள். ஸ்கிக்கி கோபித்துக்கொண்டு கிளம்பப் பார்க்கிற நேரத்தில் வரும் பாட்டு அது, அதைக் கேட்டு மனம் இளகித்தான் அவன் அந்த உயில் மோசடிக்கே இறங்குகிறான். இசை உருகுகிறது, ஆனால் சுற்றி நிற்கிறவர்கள் எல்லோரும் திருட்டுக்கூட்டம். அந்த இரண்டும் சேர்ந்தால்தான் புச்சீனியின் குறும்பு தெரியும்.

இன்னொன்று சொல்கிறேன், கதை முடிவு தெரிய வேண்டாம் என்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். இன்னொரு இத்தாலியர் வெர்தி இசையமைத்த ரிகோலெத்தோ ஓபராவில் "லா டோன்னா ஏ மோபிலே" எல்லோருக்கும் தெரிந்த உற்சாகமான மெட்டு, பீட்சா விளம்பரத்துக்குப் போடலாம் போல இருக்கும். கடைசி அங்கத்தில் ரிகோலெத்தோ, தன் மகளைக் கெடுத்த பிரபுவின் பிணம் என்று நினைத்து ஒரு சாக்கு மூட்டையை இழுத்துக்கொண்டு போகிறான். அந்த நேரத்தில் தூரத்தில் அதே பிரபு அதே மெட்டைப் பாடுகிற குரல் கேட்கிறது. அப்படியானால் மூட்டைக்குள் யார்? முழு ஓபராவிலும் எனக்கு வயிற்றைப் பிசைகிற இடம் அதுதான். தொகுப்பில் கேட்கிறவருக்கு அது வெறும் "லா லா".

துண்டுப்பாட்டு:

சரி, ஸ்கிக்கியை முழுதாகப் பார்க்கிறேன். ஆனால் மணிக்கணக்காக ஓடும் ஜெர்மன்காரர் வாக்னர் எல்லாம் என்னிடம் சொல்லாதீர்கள்.

டொரண்டோ பால்கனி:

ஓம், அந்தப் போட்டோ விருந்து வசனம் எழுதினது நான்தான், இப்போதும் அதில்தான் நிற்கிறேன். யாரையும் ரசிகர் இல்லை என்று சொல்ல வரவில்லை. பிரச்சினை குரல். ஓபராவில் மைக் கிடையாது. நான் வழக்கமாகப் போகிற இங்கத்தைய ஃபோர் சீசன்ஸ் அரங்கில் சுமார் 2000 பேர் இருக்கலாம், நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓபரா அரங்கில், அதாவது மெட்டில், கிட்டத்தட்ட 3800 பேர். அவ்வளவு பெரிய இடத்தில், முழு இசைக்குழு முழங்கும்போது, அதைத் தாண்டி ஒரு மனிதத் தொண்டை மேல் பால்கனியின் கடைசி வரிசை வரைக்கும் வந்து சேருகிறது. எப்படி என்றால், பயிற்சி பெற்ற குரலின் சக்தி 3000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் குவிகிறது, இசைக்குழுவின் பலமோ பெரும்பாலும் 500 ஹெர்ட்ஸ் பக்கத்தில்தான் இருக்கிறது, அந்த இடைவெளிக்குள்ளால்தான் பாடகர் வெளியே வருகிறார். யோஹான் சுண்ட்பெர்க் என்கிற சுவீடன் ஆய்வாளர் இதை அளந்தே காட்டியிருக்கிறார்.

இப்போது வீட்டுக்கு வாருங்கள். ஒலிப்பதிவாளர் எல்லாக் குரலையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்துவிடுவார். சின்னக் குரலும் பெரிய குரலும் உங்கள் டிவியில் ஒன்றுதான். சுவீடன் பாடகி பிர்கிட் நில்சனை அரங்கில் கேட்டவர்கள், அந்தக் குரலின் பருமன் எந்த இசைத்தட்டிலும் அகப்படவில்லை என்றுதான் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். நீங்கள் வீட்டில் ரசிப்பது கதையையும் மெட்டையும். அதற்கு நான் எதிரி இல்லை. ஆனால் அந்தக் கலையின் நடு எலும்பு உங்களிடம் வந்து சேரவில்லை.

ஹெட்போன் ராத்திரி:

பால்கனி அண்ணா, இந்த வாதத்துக்கு நூறு வயதுக்கு மேல். 1881இலேயே பாரிஸ் மின்சாரக் கண்காட்சியில் கிளெமான் அதேர் என்பவர் ஓபரா அரங்கத்து ஒலியைத் தொலைபேசிக் கம்பியில் கொண்டுவந்து, காதுக்கு ஒன்றாக இரண்டு கருவி கொடுத்துக் கேட்கவைத்தார். 1890இல் அது தெயாத்ரோபோன் என்கிற சந்தா சேவையாகவே ஆகி, 1932 வரை ஓடியது. உடம்பு முடியாத எழுத்தாளர் மார்செல் புரூஸ்த் 1911இல் சந்தா கட்டி, படுக்கையில் இருந்தபடியே தெபுஸ்ஸியின் பெலேயாஸ் ஓபராவைக் கேட்டார். கம்பியில் என்ன இரைச்சல் இருந்திருக்கும்! அவரிடம் போய் நடு எலும்பு பற்றிச் சொல்லிப்பாருங்கள்.

அப்புறம், வீட்டுக்காகவே செய்தவையும் உண்டு. 1951 கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு என்பிசி தொலைக்காட்சியில் வந்த மெனோட்டியின் அமால், தொலைக்காட்சிக்கென்றே எழுதிய ஓபரா, அதற்கு மூல வடிவமே வரவேற்பறைதான். டெக்கா இசைத்தட்டு நிறுவனத்துக்காக வியன்னாவில் 1958 முதல் 1965 வரை சோல்ட்டி இசைக்குழுவை நடத்திச் செய்த ரிங், அதாவது வாக்னரின் நாலு ஓபராத் தொடர், அதன் பதிவும் அப்படித்தான். தயாரிப்பாளர் ஜான் கல்ஷா மேடையை நகலெடுக்கப் பார்க்கவில்லை, காதுக்குள் ஒரு மேடை கட்டப் பார்த்தார். அந்தத் தொடரின் முதல் ஓபரா ரைன்கோல்டில் வாக்னர் 18 பட்டறைக்கல் கேட்டு எழுதியிருக்கிறார், கல்ஷா நிஜமாகவே 18 பட்டறைக்கல் தேடிக் கொண்டுவந்து அடிக்கவைத்தார். ராத்திரி விளக்கை அணைத்து அந்த இடத்தைக் கேளுங்கள், குள்ளர்களின் சுரங்கத்துக்குள் இறங்குகிற இடம் அது. எனக்குப் படமே வேண்டாம். படம் வந்தால் கண்தான் ஓபரா பார்க்கிறது, காது சும்மா உட்கார்ந்துவிடுகிறது.

டொரண்டோ பால்கனி:

கல்ஷாவின் பதிவு என்னிடமும் இருக்கிறது, உயிர். ஆனால் நீங்களே சொல்லிவிட்டீர்கள், அவர் மேடையை நகலெடுக்கவில்லை என்று. அது வேறு ஒரு கலை. அதைக் கேட்டுவிட்டு "ஓபரா கேட்டேன்" என்பதில்தான் என் சண்டை. கவனம் என்று ஒன்றும் இருக்கிறது. அரங்கில் மூன்று மணித்தியாலம் போன் கையில் இல்லை, எழும்பிப் போக ஏலாது. வீட்டில் நிறுத்தி நிறுத்தி, தேநீர் போட்டு, நடுவில் வாட்ஸப் பார்த்து... விளங்குதா?

மூன்றாம் மணி:

அந்தக் கவனம் ஓபராவோடு பிறந்தது இல்லை, பால்கனி. 18ஆம் நூற்றாண்டு இத்தாலியில் பெட்டி இருக்கைகளில் சாப்பிட்டார்கள், சீட்டு விளையாடினார்கள், அரட்டையடித்தார்கள், பிடித்த ஆரியா வந்தால் திரும்பிப் பார்த்தார்கள். மிலானின் லா ஸ்காலாவில் சூதாட்டமே நடந்தது, நிர்வாகிக்கு அதில் நல்ல வருமானம். அரங்கை இருட்டாக்கி ஜனங்களை மேடை பக்கம் திருப்பி உட்காரவைத்த பழக்கத்தில் பெரிய பங்கு 1876இல் ஜெர்மனியின் பைராய்த்தில் தன் சொந்த அரங்கைத் திறந்த வாக்னருக்கு. ஆகவே கீழ்வீட்டு ரசிகையின் அம்மா சிரித்துக்கொண்டும் பேசிக்கொண்டும் பார்த்தது பழைய முறைக்குப் பக்கம்தான்.

சப்டைட்டில் வாசிப்பதும் வீட்டில் பார்க்கிறவர்களின் சோம்பேறித்தனம் என்று யாரும் நினைக்கவேண்டாம். மேடைக்கு மேலே வரிகளைக் காட்டும் வழக்கம் உங்கள் டொரண்டோவில்தான், 1983இல் எலெக்ட்ரா என்ற ஓபராவுக்கு, கனடிய ஓபரா கம்பெனி ஆரம்பித்தது. மெட் 1995இல்தான் இருக்கைக்குப் பின்னால் திரை வைத்தது.

ஆனால் குரல் விஷயத்தில் பால்கனி சொல்வதை நான் மறுக்கவில்லை. வீட்டில் அது கிடைக்காது, எவ்வளவு விலை ஸ்பீக்கர் வாங்கினாலும் கிடைக்காது. பதிலுக்கு முகம் கிடைக்கிறது. பைராய்த்தில் ஷேரோ மேடையை இயக்கி, பூலேஸ் இசைக்குழுவை நடத்திய ரிங், 1976இல் மேடைக்கு வந்தபோது ஆட்கள் விசிலடித்துக் கூச்சல் போட்டார்கள். அதன் வீடியோவை இன்று பார்த்தால் ஒவ்வொரு பாடகரும் நடிப்பது கண்ணிலேயே தெரிகிறது. பால்கனியில் இருந்து அதைப் பார்க்கப் பைனாகுலர் வேண்டும்.

டொரண்டோ பால்கனி:

பைனாகுலர் என்னிடம் இருக்கிறது, நன்றி. முகம் என்கிறீர்கள், யாருடைய முகம் என்று முடிவு செய்வது யார்? கேமராக்காரர். ரிகோலெத்தோ மூன்றாம் அங்கத்து நால்வர் பாட்டை எடுங்கள். உள்ளே பிரபு ஒரு பெண்ணைக் கொஞ்சுகிறான், அவள் நக்கலடிக்கிறாள், வெளியே மகள் உடைந்துபோகிறாள், தகப்பன் பழிவாங்கக் கொதிக்கிறான். நாலும் ஒரே நேரம். அதற்குத்தான் வெர்தி அப்படி எழுதினார். டிவியில் நடு நடுவே மகளின் கண்ணீரைப் பெரிதாகக் காட்டி மற்ற மூன்று பேரையும் வெட்டிவிடுகிறார்கள். அரங்கில் எங்கே பார்ப்பது என்பது என் விருப்பம்.

ஹெட்போன் ராத்திரி:

இதற்குத்தான் சொல்கிறேன், திரையை அணையுங்கள். காதில் நாலு பேரும் இருப்பார்கள், யாரும் வெட்ட முடியாது.

கீழ்வீட்டு ரசிகை:

நீங்கள் இரண்டு பேரும் சண்டை போடுங்கள், எனக்கு வேலைக்கு ஆகிற மாதிரி ஏதாவது சொல்லுங்கள். டிவி சத்தத்தில் மெதுவாகப் பாடினால் கேட்கவே இல்லை, கூட்டினால் அடுத்த நிமிடம் இசைக்குழு வெடித்து மேல்வீட்டுக்காரர் தட்டுகிறார்.

மூன்றாம் மணி:

டிவியில் நைட் மோட் போன்ற ஏதாவது இருந்தால் பகலில் அணைத்துவிடுங்கள், அது மெல்லியதையும் உரத்ததையும் ஒரே மட்டத்துக்கு நசுக்கிவிடும். ராத்திரி என்றால் ஹெட்போன்தான், வேறு வழி இல்லை. யூடியூபில் ஓபராவிஷன் சானலில் ஐரோப்பிய அரங்குகளின் முழு நிகழ்ச்சிகள் இலவசம், ஆங்கில சப்டைட்டில் உண்டு, ஆனால் சில மாதத்தில் எடுத்துவிடுவார்கள். மெட்டின் சனிக்கிழமை வானொலி 1931 முதல் நடக்கிறது, அங்கே மதியம் 1 மணி என்றால் குளிர்காலத்தில் நமக்கு இரவு 11:30, முழித்திருக்கத் தெம்பு இருந்தால் கேளுங்கள். அப்புறம் புச்சீனியின் லா போஎம் பாருங்கள். நாலு அங்கம், மொத்தமே இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு ராத்திரிக்கு ஒரு அங்கம் என்று பார்த்தாலும் குறைச்சல் இல்லை.

டொரண்டோ பால்கனி:

ஒரு ராத்திரிக்கு ஒரு அங்கமா? போஎமை நாலாக வெட்டினால் கடைசி அங்கத்தில் முதல் அங்கத்து மெட்டுகள் திரும்பி வரும்போது காதில் ஒன்றும் மிஞ்சியிருக்காது. ஒரே இருப்பில் பார்க்கச் சொல்லுங்கள், தயவு செய்து.

துண்டுப்பாட்டு:

இலங்கையில் நடக்கிற கதை ஒன்று இருக்கிறதே, பிரெஞ்சுக்காரர் பிஸேயின் முத்துக்குளிப்போர்? அதன் ஆண்கள் இருவர் பாடும் டூயட் என் தொகுப்பில் இருக்கிறது.

டொரண்டோ பால்கனி:

இருக்கிறது, 1863. முதலில் மெக்சிகோவில் நடக்கிற மாதிரி யோசித்துவிட்டுப் பிறகு இலங்கைக்கு மாற்றினார்கள், அதிலேயே தெரியும் எவ்வளவு இலங்கை இருக்கும் என்று. கடற்கரையில் பிரம்மாவை வேண்டிக்கொண்டு லெய்லா என்று ஒரு பெண். எங்கள் மன்னார்ப் பக்கத்து முத்துக் கரையில் லெய்லா என்ற பேரில் பூசாரிப் பெண்ணை ஒருத்தரும் கண்டதில்லை. ஆனால் இசை தங்கம், அதை மன்னிக்கலாம். தம்பி, அந்த டூயட்டின் மெட்டும் ஓபரா முழுக்கத் திரும்பத் திரும்ப வரும், உங்கள் தொகுப்பில் ஒருதரம்தான் வந்திருக்கும்.

துண்டுப்பாட்டு:

என்னை ஒவ்வொரு பாட்டாக முழு ஓபராவுக்குள் இழுக்கிறீர்கள் எல்லோரும்.

கீழ்வீட்டு ரசிகை:

முத்துக்குளிப்போர் அப்புறம். அம்மா ரிகோலெத்தோதான் கேட்கிறார், மூட்டைக்குள் யார் என்று நான் சொல்லவில்லை. அந்த நால்வர் பாட்டில் நாலு பேரையும் ஒரே சட்டகத்தில் காட்டுகிற பதிவு எது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஹெட்போன் அண்ணா, "திரையை அணை" என்று மட்டும் பதில் போடாதீர்கள்.