லாஸ் வேகஸ் – யூட்டா – அரிசோனா சுற்று: ஏழு நாள் போதுமா, எதை வெட்டலாம்?

காரோட்டி:

அக்டோபர் முதல் வாரம் லாஸ் வேகஸில் ரென்டல் எஸ்யூவி எடுத்து அங்கேயே திருப்பிக் கொடுப்பதாகத் திட்டம். ஐந்து பேர்: நாங்கள் இருவர், எட்டு வயது மகன், அப்பா, அம்மா. எல்லோரும் அமெரிக்காவிலேயே குடியிருப்பவர்கள். அப்பாவுக்கு 66 வயது, முழங்கால் வலி உண்டு, அரை மைலுக்கு மேல் நடக்க மாட்டார்.

யோசித்த வழி: ஸயான், பிரைஸ் கேன்யன், யூட்டா 12ஆம் எண் சாலை வழியே கேப்பிட்டல் ரீஃப், மோவாப், மானுமென்ட் வேலி, பேஜ், கிராண்ட் கேன்யன் சவுத் ரிம், மீண்டும் வேகஸ். கையில் ஏழு நாள்தான்.

எதையாவது வெட்ட வேண்டுமா? 12ஆம் எண் சாலையில் தடுப்பே இல்லாத பகுதி இருக்கிறதாமே, மலைச் சாலை பழகாதவர் ஓட்டலாமா? பெட்ரோல் எங்கெங்கே போட வேண்டும்? பார்க் பாஸ் எது லாபம்?

---

மைல்கல்:

முதலில் தூரக் கணக்கு. வேகஸ் – ஸ்பிரிங்டேல் (ஸயான் வாசல்) 165 மைல். அங்கிருந்து பிரைஸ் 85. பிரைஸ் – டோரி (கேப்பிட்டல் ரீஃப் பக்கத்து ஊர்) 115. டோரி – மோவாப் 150. மோவாப் – மானுமென்ட் வேலி 150. அங்கிருந்து பேஜ் 125, பேஜ் – சவுத் ரிம் 135, சவுத் ரிம் – வேகஸ் 280. கூட்டினால் சுமார் 1,200 மைல். ஏழால் வகுத்தால் நாளுக்கு 170 மைல், சுலபம்போலத் தெரியும். ஆனால் மேப் காட்டும் நேரம் எங்கும் நிற்காமல் ஓட்டினால் ஆகும் நேரம். பிரைஸ் – டோரி இரண்டரை மணி நேரம் என்று அது சொல்லும். நின்று பார்த்துப் போனால் ஏழு மணி நேரம் ஆகும். அக்டோபர் முதல் வாரத்தில் யூட்டாவில் மாலை ஏழு மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். இந்தச் சாலைகளை இருட்டில் ஓட்டுவதில் பொருளே இல்லை: எதுவும் தெரியாது, மானும் மாடும் குறுக்கே வரும். பல இடங்களில் வேலி கிடையாது, மாடுகள் சாலையிலேயே படுத்திருக்கும்.

அதனால் முழுச் சுற்றுக்கு ஒன்பது நாள் வேண்டும். ஏழு நாள்தான் என்றால் மோவாபை வெட்டுங்கள். மோவாப் அருகே உள்ள ஆர்ச்சஸ் பார்க்கின் பெயர்பெற்ற டெலிகேட் ஆர்ச்சுக்குப் போக வர 3 மைல், ஏற்றம் கிட்டத்தட்ட 500 அடி, வழியில் நிழல் இல்லை. அப்பாவால் முடியாது. டோரியிலிருந்து 24ஆம் எண் சாலையில் ஹேங்க்ஸ்வில் போய், அங்கே தெற்கே 95ஆம் எண் சாலையில் திரும்புங்கள். ஹைட் அருகே பாலத்தில் கொலராடோ ஆற்றைக் கடந்து நேச்சுரல் பிரிட்ஜஸ் வரும். மூன்று கல் பாலங்கள், 9 மைல் ஒருவழிச் சுற்றுச்சாலை, மூன்றையும் கார் நிறுத்துமிடத்திலிருந்து சிறிது நடந்தே மேலிருந்து பார்த்துவிடலாம். கூட்டமும் இருக்காது. என் கணக்கில் இந்தச் சுற்றில் ஆள் அதிகம் போகாத, ஆனால் போக வேண்டிய சாலை 95தான்.

நாள் பிரிப்பு இப்படி இருக்கலாம். முதல் நாள் வேகஸில் காலையில் கிளம்பி ஸ்பிரிங்டேல். அன்று மாலையே ஸயான் ஷட்டிலில் (பார்க் பேருந்து) ஒரு சுற்று. ஷட்டில் ஓடும் மாதங்களில் பள்ளத்தாக்குச் சாலையில் சொந்தக் கார் போக முடியாது. பார்க்குக்குள் இருக்கும் பார்க்கிங் காலை எட்டரைக்கெல்லாம் நிறைந்துவிடும். ஸ்பிரிங்டேலில் நிறுத்தி ஊர் ஷட்டிலில் வருவது மேல். இரண்டாம் நாள் மதியம்வரை ஸயான், பிறகு 1930இல் திறந்த 1.1 மைல் சுரங்கம் வழியாகக் கிழக்கே ஏறி பிரைஸ் பக்கம். தங்க டிராபிக் ஊர் நல்லது. பிரைஸ் விளிம்பு 8,000 முதல் 9,100 அடி உயரம். டிராபிக் அதைவிட ஆயிரத்து ஐந்நூறு அடிக்கு மேல் தாழ்வு, பெரியவர்களுக்கு இரவில் மூச்சும் தூக்கமும் சரியாக இருக்கும்.

மூன்றாம் நாள் பிரைஸ். காட்சி முனைகள் எல்லாம் கிழக்குப் பக்கம், அதாவது உள்ளே போகும்போது இடப்பக்கம். எனவே எங்கும் நிற்காமல் 18 மைல் ஓட்டி ரெயின்போ பாயின்ட் போய்விட்டு, திரும்பும்போது ஒவ்வொன்றாக நின்று வாருங்கள். இடப்பக்கம் வெட்டித் திரும்பும் வேலையே இருக்காது. மாலையில் எஸ்கலான்டே போய்த் தங்குங்கள். நான்காம் நாள் முழுவதும் 12ஆம் எண் சாலைக்கே, இரவு டோரி. ஐந்தாம் நாள் கேப்பிட்டல் ரீஃப், ஹேங்க்ஸ்வில், 95, இரவு மெக்ஸிகன் ஹேட் அல்லது மானுமென்ட் வேலி. காலை ஏழுக்கே கிளம்ப வேண்டிய நாள் இதுதான். ஆறாம் நாள் பேஜ் வழியாகக் கிராண்ட் கேன்யன். ஏழாம் நாள் காலை விளிம்பில் இரண்டு மூன்று மணி நேரம், பிறகு வேகஸ்.

12ஆம் எண் சாலை பயப்படும்படி இல்லை. எஸ்கலான்டேக்கும் போல்டருக்கும் நடுவே ஹாக்பேக் என்ற மலைமுதுகின் மேல் சாலை போகும். இரண்டு பக்கமும் சரிவு, பெரும்பாலும் தடுப்பு இல்லை. நல்ல தார்ச்சாலை, இருவழி, நீளமும் சில மைல்தான். 30–35 மைல் வேகத்தில் போனால் போதும். பின்னால் வண்டி சேர்ந்தால் ஒதுங்குமிடத்தில் வழிவிட்டுவிடுங்கள், அவசரப்பட்டு வேகம் கூட்ட வேண்டாம். பலத்த காற்று, பனி, மழை இருந்தால் காத்திருங்கள். போல்டர் தாண்டியதும் சாலை 9,600 அடிவரை ஏறும்; அந்த மலைப்பகுதிக்கு முழுத் தார் போட்டதே 1985இல்தான். அக்டோபர் தொடக்கத்தில் அங்கே ஆஸ்பென் மரங்கள் மஞ்சளாக இருக்கும். லார்ப் ஹாலோ காட்சி முனையில் நின்றால் கேப்பிட்டல் ரீஃபின் சிவப்பு மடிப்பு முழுதும் தெரியும்.

---

நெம்புகோல்:

வழியை மைல்கல் சொல்லிவிட்டார். நான் வண்டியைப் பற்றி மட்டும்.

பெட்ரோல்: பாதி டாங்குக்குக் கீழே விடாதீர்கள். டிராபிக், எஸ்கலான்டே, போல்டர், டோரி எல்லாவற்றிலும் பம்ப் உண்டு, சிறிய ஊர்கள்தான். 95இல் போவதானால் ஹேங்க்ஸ்வில்லில் முழு டாங்க் கட்டாயம். அடுத்து ப்ளாண்டிங் ஊர்வரை ஏறத்தாழ 125 மைல் எதையும் நம்ப முடியாது. ஹைட்டில் பம்ப் என்று மேப்பில் தெரிந்தாலும் அதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

யூட்டா பம்புகளில் மலிவான பித்தான் 85 ஆக்டேன் (பெட்ரோல் எஞ்சினைத் தட்டவிடாமல் எரியும் திறனைக் காட்டும் எண்). அதைத் தொடாதீர்கள். உயரத்தில் காற்றழுத்தம் குறைவு என்பதால் கார்புரேட்டர் காலத்து எஞ்சின்களுக்கு 85 போதுமானதாக இருந்தது. இப்போதைய எஞ்சின், முக்கியமாக டர்போ, தனக்கு வேண்டிய காற்றை அழுத்தி எடுத்துக்கொள்கிறது. கையேட்டில் குறைந்தது 87 என்றுதான் இருக்கும். மேலும் அதே டாங்க் பெட்ரோலோடு நீங்கள் தாழ்வான வெயில் பாலைவனத்துக்கு இறங்குவீர்கள். எஞ்சின் தட்டுவது அங்கேதான் தொடங்கும்.

இறக்கம்: பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே இறங்குவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. ஏறிய கியரிலேயே இறங்குங்கள். ஆட்டோமேட்டிக்கில் எல் அல்லது எஸ், ஹைபிரிடில் பி, இல்லையென்றால் ஸ்டியரிங்கின் பின்னால் உள்ள பேடில். வேகம் கூடும்போது பிரேக்கைச் சற்று அழுத்தமாகப் பிடித்து 10 மைல் குறைத்து முழுதாக விட்டுவிடுங்கள். நடுவில் டிஸ்க் ஆறும். கருகிய வாசனை வந்தாலோ பெடல் மெத்தென்று உள்ளே போனாலோ பேடு எரிகிறது, அல்லது பிரேக் எண்ணெய் கொதிக்கிறது. ஒதுங்குமிடத்தில் நிறுத்தி அரைமணி நேரம் ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றக் கூடாது, டிஸ்க் வளைந்துவிடும்.

டயர்: வெப்பம் 10 டிகிரி பாரன்ஹீட் குறைந்தால் டயரில் சுமார் 1 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) குறையும். வேகஸ் மதியம் 90 டிகிரி, பிரைஸ் அதிகாலை 30. ஏற்கெனவே இரண்டு மூன்று குறைவாக இருக்கும் ரென்டல் டயர் என்றால் காலையில் மஞ்சள் விளக்கு எரியும். பஞ்சர் என்று பதற வேண்டாம். அளந்து பார்த்து, ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அளவுக்குக் காற்று பிடியுங்கள், டயரின் பக்கவாட்டில் அச்சிட்ட எண்ணுக்கு அல்ல. ஒரே டயர் மட்டும் தனியாகக் குறைந்தால்தான் பஞ்சர்.

வண்டியை எடுக்கும்போதே டிக்கியின் தரையைத் தூக்கிப் பாருங்கள். பல புதிய வண்டிகளில் ஸ்டெப்னி கிடையாது, பசையும் சின்ன கம்ப்ரெஸரும்தான். அந்தப் பசை ஆணி ஓட்டையை அடைக்கும், பக்கவாட்டுக் கிழிசலை அடைக்காது. சிக்னல் இல்லாத 95இல் அது பெரிய வித்தியாசம். ஸ்டெப்னி உள்ள வண்டியைக் கேட்டு வாங்குங்கள்.

---

காரோட்டி:

இருவருக்கும் நன்றி. 95 வழியாக மெக்ஸிகன் ஹேட்டுக்கு நேர்வழியில் போனால் மோக்கி டக்வே என்று ஒன்று வருகிறதே, அது ரென்டல் வண்டிக்குச் சரிப்படுமா? மானுமென்ட் வேலிக்குள்ளும் மண் பாதை என்கிறார்கள்.

---

மைல்கல்:

மோக்கி டக்வே 261ஆம் எண் சாலையில் 3 மைல் சரளைப் பகுதி. ஆயிரம் அடிக்கு மேல் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும். காய்ந்த நாளில் சாதாரணக் காரே இறங்கிவிடும்; சிக்கல் ஒப்பந்தத்தில்தான். பெரும்பாலான ரென்டல் ஒப்பந்தங்கள் தார் போடாத சாலைக்கு அனுமதிப்பதில்லை, அங்கே எது நடந்தாலும் இன்ஷூரன்ஸ் கைவிட்டுவிடும், கிரெடிட் கார்டு காப்பும் அதையே சொல்லி மறுக்கலாம். 261இல் திரும்பாமல் 95இலேயே நேராகப் போய் 191 பிடித்து, ப்ளஃப் வழியாக 163இல் வாருங்கள். 40 மைல் கூடுதல், முழுவதும் தார். பெட்ரோல் கவலையும் தீரும். மெக்ஸிகன் ஹேட் தாண்டி 13ஆம் மைல் கல் அருகே தெற்கே பார்த்தால் எல்லோரும் படத்தில் பார்த்த நேர்ச்சாலைக் காட்சி. சாலை நடுவில் போய் நிற்காதீர்கள், லாரிகள் 65இல் வரும்.

மானுமென்ட் வேலியின் 17 மைல் சுற்று கரடுமுரடு, மணலும் உண்டு. அந்த நிலத்துக்குரிய நவஹோ பழங்குடி வழிகாட்டிகளின் ஜீப்பில் போங்கள். வெளியார் வண்டி நுழைய முடியாத பகுதிகளுக்கும் அவர்கள் கூட்டிப் போவார்கள். முழங்கால் வலிக்கு முன்னிருக்கை கேட்டுவிடுங்கள்; பின்னால் குலுங்கும்.

---

தெற்குவிளிம்பு:

நான் மோவாபை வெட்டச் சொல்ல மாட்டேன், கிராண்ட் கேன்யனைத்தான் வெட்டுவேன். சவுத் ரிம் ஆண்டு முழுவதும் திறந்திருக்கும், வேகஸிலிருந்தோ ஃபீனிக்ஸிலிருந்தோ இன்னொரு முறை வார இறுதியில் வந்து போகலாம். மோவாபுக்கு அப்படி வர முடியாது. ஆர்ச்சஸில் விண்டோஸ் பகுதி, பேலன்ஸ்ட் ராக், கேன்யன்லாண்ட்ஸில் கிராண்ட் வியூ பாயின்ட் எல்லாம் காரிலிருந்து இறங்கி நாலடியில் பார்க்கலாம். ஆர்ச்சஸில் 2022 முதல் 2025வரை நேரம் பதிவுசெய்து நுழையும் முறை இருந்தது; போகும் ஆண்டின் விதியைப் பார்க் இணையதளத்தில் பாருங்கள்.

கிராண்ட் கேன்யனின் வடக்கு விளிம்பான நார்த் ரிம் பக்கம் யாராவது ஆசை காட்டினால் கேட்காதீர்கள். 2025 ஜூலையில் காட்டுத்தீயில் அங்கிருந்த லாட்ஜே எரிந்துபோனது.

இரண்டு விஷயம் இதுவரை யாரும் சொல்லவில்லை.

ஒன்று கடிகாரம். நெவாடாவிலிருந்து யூட்டாவுக்குள் போனால் ஒரு மணி நேரம் இழப்பீர்கள். அரிசோனா கோடைக்கால நேரத்தைப் பின்பற்றுவதில்லை, ஆனால் அதற்குள் இருக்கும் நவஹோ நிலம் பின்பற்றுகிறது. ஆக அக்டோபரில் மானுமென்ட் வேலியில் ஒன்பது என்றால் பேஜில் எட்டு. பேஜ் அருகே உள்ள குறுகிய பாறைப் பிளவான ஆன்டிலோப் கேன்யன் நவஹோ நிலத்தில் இருந்தாலும் டூர்கள் பேஜ் நேரப்படிதான். பேஜ் யூட்டா எல்லையை ஒட்டிய ஊர். செல்போன் எந்த டவரைப் பிடிக்கிறதோ அந்த நேரத்தைக் காட்டும். அன்று மட்டும் தானியங்கி நேரத்தை அணைத்து ஃபீனிக்ஸ் என்று வைத்துவிடுங்கள். ஆன்டிலோப்புக்கு வழிகாட்டியோடு மட்டுமே அனுமதி, முன்பதிவு வேண்டும். லோயர் பகுதியில் செங்குத்து இரும்பு ஏணிகள். அப்பாவுக்கு அப்பர் பகுதிதான், வெளியேறும் வழியில் அங்கும் படிகள் உண்டு என்பதைக் கேட்டுக்கொண்டு பதியுங்கள்.

இரண்டு பாஸ். ஸயான் 35, பிரைஸ் 35, கேப்பிட்டல் ரீஃப் 20, நேச்சுரல் பிரிட்ஜஸ் 20, கிராண்ட் கேன்யன் 35: தனித்தனியே கொடுத்தால் 145 டாலர். ஆண்டு பாஸ் 80. ஆனால் அப்பா 62 தாண்டியவர். குடிமகனாகவோ கிரீன் கார்டு உள்ளவராகவோ இருந்தால் 20 டாலரில் ஓராண்டு சீனியர் பாஸ், 80க்கு ஆயுள் பாஸ். அவர் காரில் இருந்தால் காரில் உள்ள அனைவருக்கும் அதுவே போதும். அடையாள அட்டையை மறக்க வேண்டாம். 2026 முதல் இங்கே வசிக்காதவர்களுக்கு ஆண்டு பாஸ் 250 டாலர். மானுமென்ட் வேலிக்கும் பேஜ் அருகே ஆறு வளையும் காட்சி முனையான ஹார்ஸ்ஷூ பெண்ட் பார்க்கிங்குக்கும் எந்தப் பாஸும் செல்லாது. முதலாவது நவஹோ அரசுக்குரியது, இரண்டாவது பேஜ் நகராட்சி வசூல்.

---

மைல்கல்:

கிராண்ட் கேன்யனை வெட்டும் யோசனையும் சரிதான், ஆனால் மோவாபிலிருந்து வேகஸ் திரும்ப 460 மைல், கடைசி நாள் முழுக்க ஐ-70லும் ஐ-15லும் போய்விடும். ஐ-70இல் கிரீன் ரிவருக்கும் சலைனாவுக்கும் நடுவே நூறு மைலுக்கு மேல் பெட்ரோலே கிடையாது, அதையும் குறித்துக்கொள்ளுங்கள். அப்பா அம்மா இருவரும் கிராண்ட் கேன்யனை இன்னும் பார்க்கவில்லை என்றால் என் ஓட்டு பழைய திட்டத்துக்கே. பேஜிலிருந்து கேமரன் வழியே கிழக்கு வாசலில் நுழைந்தால் டெசர்ட் வியூ கோபுரத்திலிருந்து தொடங்கி ஒவ்வொரு முனையிலும் கார் நிறுத்திப் பார்க்கலாம். சவுத் ரிம்மில் உள்ள ஹெர்மிட் சாலை நவம்பர் முடியும்வரை ஷட்டிலுக்கு மட்டும்.

---

நெம்புகோல்:

அறையில் சமைப்பதாக இருந்தால் ஒன்று: பிரைஸ் உயரத்தில் தண்ணீர் 92 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக நெடுநேரம் ஆகும். சிறிய மின்சார பிரஷர் குக்கரை டிக்கியில் போட்டுக்கொள்ளுங்கள். சின்ன ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை பல கடைகள் மூடியிருக்கும். எஸ்கலான்டேயில் தங்கும் நாள் ஞாயிறாக வந்தால் முதல் நாளே மளிகை வாங்கிவிடுங்கள்.