சொல்லாமல் வேலையிலிருந்து நின்றுபோனவர்கள்: உங்கள் அனுபவம் என்ன?

திருப்பூர், பவர் டேபிள் நடத்துபவர்

இருபது மிஷின் வைத்து ஜாப் ஒர்க் எடுத்துத் தைத்துக் கொடுக்கிறேன். நான்கு வருடம் முன்பு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் ஓவர்லாக் மிஷினில் தைக்கும் டெய்லர்கள் இரண்டு பேர் வரவில்லை. போன் சுவிட்ச் ஆஃப். வெள்ளிக்கிழமை 3,000 பீஸ் டெலிவரி. ஓவர்லாக் நின்றால் அடுத்து இருக்கும் பேட்லாக் மிஷினுக்கு வேலை இல்லை, சிங்கர் மிஷின்காரர் சும்மா உட்கார வேண்டும், கைமடிப் பெண்களுக்கு மடிக்க ஒன்றும் இருக்காது. இரண்டு நாற்காலி காலியானால் லைனே படுத்துவிடும். டெலிவரி மூன்று நாள் தள்ளிப்போனது, கம்பெனிக்காரர் ரேட்டைக் குறைத்துத்தான் பில் போட்டார்.

இரண்டு தெரு தள்ளி வேறொரு யூனிட்டில் 10,000 ரூபாய் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள் என்று பிறகு தெரிந்தது. எனக்கு ஆத்திரம். முந்தைய வாரப் பீஸ் கணக்கில் கொஞ்சமும், அந்தத் திங்கட்கிழமைக் கூலியும் என்னிடம் பாக்கி இருந்தன. அதைக் கேட்டு ஆள் அனுப்பினார்கள். "நேரில் வந்து பதில் சொல்லிவிட்டு வாங்கிக்கொள்ளட்டும்" என்று நிறுத்தி வைத்தேன். அவர்கள் வரவே இல்லை.

அதற்கப்புறம் நடந்ததுதான் எனக்குப் பாடம். அடுத்த இரண்டு மாதத்தில் இன்னும் மூன்று பேர் நின்றார்கள். மூவருமே சனிக்கிழமை இரவு சம்பளத்தை எண்ணி வாங்கிக்கொண்டு போனவர்கள், திங்கட்கிழமை வரவில்லை. முன்கூட்டிச் சொன்னால் பாக்கி மாட்டிக்கொள்ளும் என்று நானே எல்லோருக்கும் காட்டிக்கொடுத்திருக்கிறேன். நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள் என்று எழுதுங்கள்.

ஸ்ரீபெரும்புதூர், மனிதவளப் பிரிவில் இருப்பவர்

எங்களுடையது உதிரிபாகத் தொழிற்சாலை. எட்டு நாளுக்கு மேல் சொல்லாமல் வராதவர் வேலையை விட்டதாகக் கருதப்படுவார் என்று நிலையாணையில், அதாவது தொழிற்சாலையின் வேலை விதிகளில், இருக்கும். அதை நம்பி, ஒன்பதாம் நாளே பெயரை எடுத்துவிடும் பழக்கம் பல இடங்களில் உண்டு. நாங்களும் 2018இல் ஒரு பையனுக்கு அப்படித்தான் செய்தோம். அவன் வாடகை அறை முகவரிக்கு அனுப்பிய கடிதம் திரும்பி வந்தது. பையன் மஞ்சள்காமாலையோடு சொந்த ஊரில் படுத்திருந்தான். ஐந்து வாரம் கழித்து அம்மாவோடு கேட்டில் வந்து நின்றபோது என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

டி.கே. யாதவ் என்ற தொழிலாளியின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1993இலேயே சொல்லிவிட்டது: நிலையாணையில் அப்படி இருந்தாலும், விளக்கம் கேட்காமல், விசாரிக்காமல் பெயரை எடுப்பது செல்லாது. அந்தப் பையன் வந்து நின்ற நாளிலிருந்து எங்கள் வழக்கம் மாறியது. மூன்றாம் நாள் போன், அப்புறம் வீட்டார் எண். அதற்கும் பதில் இல்லை என்றால் அறை முகவரி, சொந்த ஊர் முகவரி இரண்டுக்கும் கடிதம். பாதிப் பேர் போனிலேயே "வரலைங்க மேடம், வேற இடம் கிடைச்சிருச்சு" என்று சொல்லிவிடுவார்கள். அப்படிச் சொல்பவரிடம் கோபப்படாமல் ராஜினாமாவை வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்கிவிடுங்கள், கணக்கை முடிக்க அது போதும்.

ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். வேலை செய்த நாளுக்கான கூலி அவர்களுடையது. 2025 நவம்பர் 21 முதல் அமலில் இருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, ராஜினாமா செய்தவருக்கும் இரண்டு வேலை நாட்களுக்குள் கொடுத்தாக வேண்டும். பி.எஃப். கணக்கில் விலகிய தேதியையும் உடனே ஏற்றிவிடுங்கள். நாம் ஏற்றாமல் விட்டால், கடைசிச் சந்தாவிலிருந்து இரண்டு மாதம் காத்திருந்துதான் அவர்களே ஏற்ற முடியும்.

மதுரை, சொல்லாமல் நின்றவர்

நான் அந்தப் பக்கத்து ஆள். ஒரு மொபைல் கடையில் இரண்டு வருடம் இருந்தேன். என்னோடு இருந்த அண்ணன் ஒருவர் முறையாக ஒரு மாதம் முன்னால் சொன்னார். அன்று சாயங்காலமே "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்று அனுப்பிவிட்டார்கள். பாக்கிச் சம்பளத்துக்கு மூன்று மாதம் நடந்தார். அதைக் கண்ணால் பார்த்தவன் எப்படிச் சொல்லிவிட்டுப் போவான்? ஏழாம் தேதி சம்பளம் ஏறியது, எட்டாம் தேதி நான் போகவில்லை.

ஆனால் என் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழின் அசல் அவர்களிடம் இருந்தது. அப்பா என்னோடு வந்து கவுன்ட்டர் முன்னால் ஒரு மணி நேரம் நின்றுதான் வாங்கினார். தயவுசெய்து யாரும் அசலை வாங்கி வைக்காதீர்கள். எனக்கு இன்றும் உறுத்துவது கடைக்காரர் விஷயம் இல்லை. நான் போனதால் அந்த வாரம் முழுவதும் கூட இருந்த தம்பி ஒருவனே காலையும் இரவும் கடையைப் பார்த்திருக்கிறான். அவனிடமாவது சொல்லியிருக்க வேண்டும்.

திருச்சி, மெஸ் நடத்துபவர்

பரோட்டா மாஸ்டர் மூன்று பேர் இப்படிப் போயிருக்கிறார்கள். நான் கண்ட வழி ஒன்றுதான். சப்ளையில் இருக்கும் பையன் ஒருவனை மத்தியானத்தில் கல்லில் நிற்க வைத்துப் பழக்கிவிடுகிறேன், அவனுக்குக் கூலியும் கூட்டிக் கொடுக்கிறேன். பெரிய அட்வான்ஸ் கொடுத்து ஆளைக் கட்டிப்போடலாம் என்று நினைத்தது வீண். கடன் ஏறியவர்தான் முதலில் ஓடினார்.

திருப்பூர், பவர் டேபிள் நடத்துபவர்

மதுரைத் தம்பி எழுதியதை இரண்டு தடவை படித்தேன். அந்த இருவரின் பாக்கியையும் நான் போன வருடம் கொடுத்துவிட்டேன், 2,300 ரூபாய் சொச்சம். ஒருவர் வாங்கிக்கொண்டு ஒன்றும் பேசாமல் போய்விட்டார்.

நிற்கப்போவதாகச் சொன்னவரை அன்றே அனுப்புவதில்லை, கடைசிச் சனிக்கிழமை முழுக் கணக்கும் தீர்த்துவிடுவேன் என்று எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்கிறேன். எட்டு மாதம் யாரும் நம்பவில்லை. போன மாதம் ஒரு வியாழக்கிழமை, டீ நேரத்தில் ஒரு பேட்லாக் டெய்லர் வந்து, "அண்ணா, அடுத்த சனிக்கிழமையோட நின்னுக்கறனுங்க, ஊர்ல வீடு கட்டறோம்" என்றார். புது ஆளைப் பக்கத்தில் உட்கார வைத்து நான்கு நாள் பழக்கிக் கொடுத்துவிட்டுத்தான் போனார்.